மாதுலிங்கம் எந்தப் பழம்? – ‘சிட்ரான்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் சுற்றமும்

ஸ்ரீ வர்த்தமான மகாவீர தீர்த்தங்கரரின் யட்சன் மாதங்கன் ஆவான். யானையை ஊர்தியாகக் கொண்டு, தலைமேல் தருமசக்கரம் தாங்கி, இரு கரங்களுடன் விளங்கும் அவனுக்கு ஒரு கரத்தில் வரத முத்திரையும் மறுகரத்தில் மாதுலிங்கமும் உரியவை என்று நம் திகம்பர மரபின் வசுநந்தி ஆசாரியர் தம் பிரதிஷ்டாசார சங்கிரகத்தில் கூறியுள்ளார். சுவேதாம்பர மரபின் நிர்வாணகலிகையோ ஒரு கரத்தில் கீரியையும் மறுகரத்தில் பீஜபூரகத்தையும் கூறும். மாதுலிங்கம், மாதுலுங்கம், பீஜபூரம், பீஜபூரகம் ஆகிய நான்கும் ஒரே பழத்தின் பெயர்கள். ஜைனப் படிமக்கலை பற்றி 1939இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட பி.சி. பட்டாச்சாரியார் இப்பழத்தைச் ‘சிட்ரான்’ என்று மொழிபெயர்த்தார். பின் வந்தோரும் அச்சொல்லையே ஆண்டு வருகின்றனர்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கில நூல் வழியாகச் செல்லும் தமிழ் அன்பர் அகராதியைப் புரட்டி, யட்சன் கையில் எலுமிச்சம்பழம் இருப்பதாக எழுதிவிடுகிறார். வடமொழி வழியாகச் செல்பவர் ‘மாதுலிங்கம்’ என்ற ஒலியில் மயங்கி மாதுளம்பழம் என்று எழுதிவிடுகிறார். கோயில் வரலாற்றுச் சிறு நூல்களில் இவ்விரு மொழிபெயர்ப்பும் இடம்பெறக் காண்கிறோம். ஒரு பழத்தின் பெயர் பிறழ்ந்தால் பெருங்கேடு என்ன என்று சிலர் வினவலாம். இதே பழத்தின் பெயரைப் பற்றி நின்று, ஜைன அறத்தின் மீதே சுமத்தப்பட்ட பழியொன்றும் உண்டு. ஆதலின் சொற்களைச் சிறிது பொறுமையோடு ஆராய்வோம்.

பழத்தை முதலில் அறிவோம். தாவரவியலார் இதனைச் ‘சிட்ரஸ் மெடிகா’ என்பர். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் அது. இமயத்தின் கீழைச் சாரலும் வடகிழக்கு இந்தியப் பகுதியும் இதன் பழந்தாயகம் எனக் கருதப்படுகின்றன. நீண்டு பருத்து, மேற்புறம் கரடுமுரடாக, நுனியில் முலைக்காம்பு போன்ற முனையுடன் காணப்படும். மணம் மிகுதி, சாறு குறைவு. அறுத்துப் பார்த்தால் மஞ்சள் தோலுக்குக் கீழே விரல் பருமனுக்கு மேலும் வெண்மையான தடித்த பகுதி இருக்கும். நடுவே சிறிதளவே சுளையும் நிறைய விதையும் இருக்கும். எலுமிச்சையில் நாம் வேண்டுவது சாறு. இப்பழத்திலோ உண்பதற்குரியது பெரும்பாலும் அந்த வெண்பகுதியே. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதன் பயன் விளங்கும்.

தமிழில் இதற்குரிய பெயர் எது? சித்த மருத்துவத்தார் ‘கொம்மட்டிமாதுளை’ என்பர். சமையல் நூல்களை ஆங்கிலத்தில் எழுதுவோர் நாரத்தங்காயையும் கடாரங்காயையும் வேறுபாடின்றிச் ‘சிட்ரான்’ என்று அச்சிடுகின்றனர். நாரத்தை என்பது நம் நாட்டில் ஊருக்கு ஊர் வேறுபட்ட மரங்களுக்கு வழங்கும் பெயர். தோல் தடித்துச் சாறு குறைந்ததாயின் அது மாதுலிங்கத்துக்கு அண்மையது. சாறு மிக்கதாயின் அன்று. மராத்தியில் ‘மகாளுங்க’ என்றும், குஜராத்தியிலும் இந்தியிலும் ‘பிஜோரு’, ‘பிஜௌரா’ என்றும் வழங்கும் பெயர்கள் முறையே மாதுலுங்கம், பீஜபூரம் என்பவற்றின் வழிவந்தவை.

மாதுளை என்னும் மயக்கத்துக்கும் காரணம் உண்டு. கன்னடத்தில் ‘மாதள’ என்றால் இப்பழம். தெலுங்கில் ‘மாதீபலமு’ என்றாலும் இப்பழமே. தமிழில் ‘மாதுளை’, மலையாளத்தில் ‘மாதளம்’ என்றாலோ செம்முத்துகள் நிறைந்த வேறு பழம். பரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே தொகுதியில் வைக்கிறது. ஒரு சொல் நான்கு மொழிகளில் இரு பழங்களைச் சுட்டி நிற்கிறது. ‘பீஜபூரம்’, அதாவது விதை நிறைந்தது, என்னும் பெயரும் துணைசெய்யவில்லை. இரண்டுமே விதை நிறைந்தவை அல்லவா? எனினும் பண்டை ஜைன நூலோர் இதில் மயங்கவில்லை. சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான பண்ணவணா மரங்களை இருவகையாகப் பிரிக்கிறது: ஒரு கொட்டை உடையவை, பல விதை உடையவை. மாவும் நாவலும் முதல் வகை. பல விதை உடையவற்றின் பட்டியலில் ‘மாஉலிங்க’ என்பதும் ‘தாடிம’ என்பதும் தனித்தனியே இடம்பெறுகின்றன. தாடிமம் என்பதே மாதுளை. ஆகவே மாதுலிங்கம் மாதுளை அன்று என்பதற்கு வெளிச்சான்று தேட வேண்டியதில்லை.

சிற்பத்தில் இதனை அறியும் வழி எளிது. மாதுளையாயின் நுனியில் மகுடம் போன்ற புல்லிவட்டம் இருக்கும். மாதுலிங்கமாயின் நீண்ட வடிவமும் குவிந்த நுனியும் இருக்கும். கல்லில் எண்ணெயும் காலமும் படிந்து நுனி தேய்ந்திருப்பின், சிற்ப நூலின் சொல்லையே துணைக்கொள்ளலாம்.

ஆங்கிலச் சொற்களின் சுற்றம்

இனி ‘சிட்ரான்’ என்ற சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் ‘சிட்ரஸ்’ என்பது இம்மரத்தையும், வட ஆப்பிரிக்காவில் விளைந்த வேறொரு மணமுள்ள மரத்தையும் குறித்தது. மத்தியதரைக்கடல் நாடுகளை முதலில் அடைந்த இவ்வினப் பழம் இதுவே. எலுமிச்சையும் ஆரஞ்சும் பின்னர் வந்தவை. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதனை மீடிய நாட்டு ஆப்பிள் என வருணித்துள்ளார். பாரசீகத்தை ஒட்டிய பகுதி மீடியா. ‘சிட்ரஸ் மெடிகா’ என்பதில் உள்ள ‘மெடிகா’ இந்நாட்டின் பெயரே. மருத்துவத்தைக் குறிக்கும் ‘மெடிசின்’ என்ற சொல்லோடு அதற்கு உறவில்லை. மருந்துப்பழம் என்று இதனைப் பெயர்ப்போர் பழத்தின் குணத்தில் தவறவில்லை, சொல்லில் தவறுகின்றனர்.

முதலில் வந்த பழத்தின் பெயரைப் பின்வந்த பழம் கவர்ந்துகொள்வதும் உண்டு. பிரெஞ்சில் ‘சித்ரோன்’ என்றால் இன்று எலுமிச்சை. ஜெர்மனில் ‘ட்சிட்ரோன’ என்றாலும் அதுவே. மாதுலிங்கத்தைக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர் ‘செத்ரா’ என்ற வேறு சொல்லை ஆள்கின்றனர். ஆங்கிலமோ பழைய பொருளைக் காத்து, எலுமிச்சை இனத்துக்கு ‘லெமன்’, ‘லைம்’ என்ற சொற்களை அரபு, பாரசீக வழியாகப் பெற்றுக்கொண்டது. பிரெஞ்சு நூலிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் வரும் பெயர்ப்பில் எத்துணை மயக்கம் நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் பிழியும் சிறு எலுமிச்சையை இந்திய ஆங்கிலத்தார் ‘லெமன்’ என்றாலும், தாவரவியலின்படி அது ‘லைம்’ ஆகும். மெய்யான லெமனோ, இன்றைய மரபணு ஆய்வுகளின்படி, மாதுலிங்கத்துக்கும் புளிப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு. ‘ஆரஞ்சு’ என்ற சொல் வடமொழி ‘நாரங்க’ என்பதன் வழிவந்தது; அவ்வடசொல்லுக்கும் நம் நாரத்தைக்கும் மூலம் திராவிடமே என்பது மொழியறிஞர் பலர் கருத்து.

‘சிட்ரைன்’ என்பது மஞ்சள் நிறப் படிகக்கல். பழத்தின் நிறத்தால் பெற்ற பெயர். புஷ்பராகத்துக்கு மாற்றாக இது விற்கப்படுவதை மணி வணிகத்தில் உள்ள நம்மவர் அறிவர். ‘சிட்ரொனெல்லா’ என்பது பழமே அன்று. இலங்கையின் தென்பகுதியில் எண்ணெய்க்காகப் பெருவாரியாகப் பயிரிடப்பட்ட ஒருவகை மணப்புல். வாசனை ஒப்புமையால் வந்த பெயர். இதன் எண்ணெய் கொசுவைக் கொல்லாமல் விலக்குவதாதலின் நம் இல்லங்களுக்கு உகந்தது என்பதை இடையே சொல்லிவைக்கிறோம்.

‘சிட்ரிக் அமிலம்’ சற்று நின்று நோக்க வேண்டிய சொல். 1784இல் ஷீலே என்னும் வேதியியலார் எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பெயரைக் கண்டு இன்றும் அது பழத்திலிருந்தே வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். 1917இல் ஜேம்ஸ் கரி என்பார் சர்க்கரைக் கரைசலில் ஒருவகைக் கருநிறப் பூஞ்சையை வளர்த்து இவ்வமிலத்தை மிகுதியாகப் பெறலாம் எனக் கண்டார். ஒருசில ஆண்டுகளில் அது பெருந்தொழிலாயிற்று. இன்று கடைப்பண்டங்களில் சேர்க்கப்படும் சிட்ரிக் அமிலம் பெரும்பாலும் இவ்வாறு செய்யப்படுவதே. இதனைக் கொள்வதும் தள்ளுவதும் அவரவர் ஏற்ற விரதத்தைப் பொறுத்தது. ஆயின் பெயரைக் கண்டு பழச்சாறு என்று எண்ணிக் கொள்ளலாகாது.

வியப்பான ஒற்றுமை ஒன்று. அமெரிக்க நாட்டில் ‘சிட்ரான்’ என்றால் தர்ப்பூசணி இனத்தைச் சேர்ந்த, கெட்டியான வெண்சதையுள்ள ஒரு காயையும் குறிக்கும். சர்க்கரைப் பாகில் இடுவதற்கென்றே அது வளர்க்கப்பட்டது. அவ்வினத்தின் தாவரவியற் பெயரான ‘சிட்ரல்லஸ்’ என்பதும் ‘சிட்ரஸ்’ என்பதிலிருந்து பிறந்ததே. நம் மருத்துவத்தாரின் கொம்மட்டிமாதுளையை இங்கே நினைவுகூர்வோம். கொம்மட்டி என்பதும் சிறு தர்ப்பூசணி வகையன்றோ? கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒருவரையொருவர் அறியாத மக்கள், ஒரே பழத்துக்கும் ஒரே கொடிக்காய்க்கும் பெயரால் உறவு கற்பித்துள்ளனர்.

சதையும் மாமிசமும்

பழத்தின் பெயரைக் கண்டோம். அதன் உறுப்புகளின் பெயர்களையும் காண வேண்டும். ஆங்கிலத்தில் பழத்தின் மெல்லிய உட்பகுதி ‘பிளெஷ்’ எனப்படும். உடலின் தசைக்கும் அதுவே சொல். ‘பல்ப்’ என்பது ‘புல்பா’ என்ற இலத்தீன் சொல்லின் வழியது. அதற்கும் தசை, பழச்சதை என்ற இரு பொருளும் உண்டு. தேங்காய்ப் பருப்பை ‘மீட்’ என்பர். அச்சொல் முற்காலத்தில் உணவு என்ற பொதுப்பொருளிலேயே வழங்கியது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் முதல் அதிகாரத்தில் செடிகளும் கனிகளும் மனிதனுக்கு ‘மீட்’ ஆகத் தரப்படுகின்றன. நம் தமிழில் மட்டும் என்ன? மாம்பழத்துக்குச் சதை உண்டு, தோல் உண்டு. பள்ளிப் பாடநூலில் ‘சதைக்கனி’ என்று படித்த மாணவன் எவனும் இறைச்சியை எண்ணியதில்லை.

வடமொழியும் இவ்வாறே. சுசுருத சங்கிதை சூத்திரத்தானத்தில் கனிகளின் குணம் கூறுமிடத்து மாதுலுங்கத்தை மூன்று கூறாக்கி, தோலின் குணம் வேறு, ‘மாம்ச’த்தின் குணம் வேறு, ‘கேசர’த்தின் குணம் வேறு என்கிறது. கேசரம் என்பது சாறு நிறைந்த சுளைப்பகுதி. மாம்சம் என்பதோ நாம் முன்னர்க் கூறிய அந்தத் தடித்த வெண்பகுதி. அவ்வாறே ‘அஸ்தி’ என்னும் எலும்புச் சொல், பிராகிருதத்தில் ‘அட்டி’ என நின்று, பழத்தின் கொட்டையையும் குறிக்கும். பண்ணவணாவில் ‘ஒரு கொட்டை மரம்’ எனப்பட்டது சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஓரெலும்பு மரம்’ ஆகும். மாமரத்துக்கு எலும்பு ஏது?

இவ்வளவும் கூறியது, சுவேதாம்பரரின் ஐந்தாம் அங்கமான பகவதி சூத்திரத்தின் பதினைந்தாம் பகுதியில் வரும் ஒரு நிகழ்ச்சியின் பொருட்டு. கோசாலனின் தேஜோலேசியையால் பகவான் மகாவீரருக்கு உடல்நலம் குன்றியபோது, மேண்டிய கிராமத்தில் வாழ்ந்த ரேவதி என்னும் இல்லறத்தாளிடம் சென்று குறிப்பிட்டதோர் உணவை ஏற்று வருமாறு சீகர் என்ற முனிவரை அவர் பணித்ததாக அந்நூல் கூறுகிறது. தமக்கெனச் சமைத்ததை விலக்கி, வேறொன்றைக் கொணரச் சொல்கிறார். விலக்கியதற்கு அங்கே உள்ள சொல் ‘கவோய சரீர’. ஏற்றதற்குரியது ‘குக்குட மம்ஸ’. சொல்லளவில் முன்னது புறாவின் உடல், பின்னது கோழியின் இறைச்சி. பௌத்த அறிஞர் தர்மானந்த கோசாம்பி 1940களின் தொடக்கத்தில் வெளிவந்த தம் மராத்தி நூலில் இதனை நேர்ப்பொருளிலேயே கொண்டார். ஜைன சமூகத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது.

நம் திகம்பர மரபில் கேவல ஞானம் எய்திய பகவானுக்கு நோயும் இல்லை, கவளமாக உணவு கொள்ளுதலும் இல்லை. எனவே இந்நிகழ்ச்சியை நாம் ஏற்பதற்கே இடமில்லை. ஆயினும் பழி சுமத்துவோர் திகம்பரர், சுவேதாம்பரர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை; ‘ஜைனரின் தீர்த்தங்கரர்’ என்றே கூறுகின்றனர். ஆதலின் உண்மை அறிந்திருத்தல் நமக்கும் கடன்.

இந்நூலுக்கு 1071இல் உரை இயற்றிய அபயதேவ சூரி, கேட்ட பொருளையே கொள்வோர் சிலர் என்றும், வேறுபொருள் கூறுவோரும் உளர் என்றும் இரண்டையும் மறையாது எழுதினார். அந்த நேர்மை போற்றத்தக்கது. பிறர் கூற்றாக அவர் தருவதாவது: ‘கவோய’ என்பது புறா நிறமுள்ள சிறு பூசணிக்காய், ‘குக்குட மம்ஸ’ என்பது பீஜபூரகத்தின் சதை. ஆக, யட்சன் கையில் உள்ள அதே மாதுலிங்கம்.

சங்கடத்திலிருந்து தப்பப் பிற்காலத்தார் புனைந்த பொருள் இது என்று எதிர்ப்பார் கூறுவர். சொற்கள் அவ்வாறு கூறவில்லை. மாதுலுங்கத்தின் வெண்பகுதிக்கு மாம்சம் என்ற பெயர் மருத்துவ நூலில் உள்ளது. அந்நூலை எழுதியோருக்கு ஜைனரைக் காக்க வேண்டிய தேவை ஏதுமில்லை. ‘குக்குட’ என்பதற்கும் சான்று உண்டு. மோனியர் வில்லியம்ஸின் 1899ஆம் ஆண்டு வடமொழி-ஆங்கில அகராதியில் ‘மதுகுக்குடி’ என்ற சொல்லுக்கு எதிரே தரப்பட்டுள்ள பொருள் ஒருவகைச் சிட்ரான் மரம். உடற்சூடும் குருதிப்போக்கும் கண்டவருக்கு இனிப்பும் குளிர்ச்சியும் உடையதெனச் சுசுருதர் கூறும் அச்சதையை உணவாக்குதல் பொருத்தமே. தமக்கெனச் சமைத்தது என்பதற்காகவே ஒன்றை விலக்கும் துறவி, உயிரைக் கொன்று ஆக்கியதை வேண்டிப் பெறுவாரா என்ற வினாவும் நிற்கிறது.

விலங்கின் பெயர் தாவரத்துக்கு வருவது புதுமையா? பூனைக்காலி, குதிரைவாலி, நரிப்பயறு, யானைநெருஞ்சில், கோழிக்கொண்டை என்று நாம் அடுக்கிக்கொண்டே போகலாம். கொல்லிமலைப் பக்கத்தில் முடவாட்டுக்கால் என்றொரு கிழங்கு விற்கிறார்கள். கிழங்காதலால் நாம் அதனை உண்பதில்லை என்பது வேறு செய்தி. ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் ஆட்டுக்கால் சாறு என்ற குறிப்பை மட்டும் கண்டால் என்ன முடிவுக்கு வருவார்?

இச்சான்றுகள் ஐயத்தை முழுவதும் அகற்றிவிட்டன என்று நாம் சாதிக்க முற்படவில்லை. அதே வாக்கியத்தில் ‘மஜ்ஜார’ என்ற பூனைச்சொல்லும் உள்ளது. உரையாசிரியர் அதற்கு ஒருவகை வாதநோய் என்றும், ஒரு செடி என்றும் இரு விளக்கம் தருகிறார். அவை பழப்பெயர் அளவுக்கு வலுவுடையன அல்ல. ஆயினும் நேர்ப்பொருள் ஒன்றே பொருள் என்பார் கூற்று நிற்கமாட்டாது. ஆசாராங்கத்தை 1884இல் ஆங்கிலப்படுத்தி, எலும்பு, இறைச்சி என்ற சொற்களை நேர்ப்பொருளில் பெயர்த்த ஹெர்மன் யாகோபியே, 1928இல் எழுதிய கடிதமொன்றில் அவ்விடத்தை உருவகமாகக் கொள்ள வேண்டும் என்று விளக்கினார்.

வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. சர்க்கரைப் பாகில் ஊறிய சிட்ரான் தோல் அந்நாடுகளில் பண்டிகைக்காலப் பணியாரங்களில் சேர்வது வழக்கம். ‘ஸ்வீட்மீட்’ என்ற பெயர் கண்டு அஞ்ச வேண்டாம். அது இனிப்புப் பண்டம், அதிலுள்ள ‘மீட்’ உணவு என்ற பழம்பொருளில் வந்தது. ‘மின்ஸ்மீட்’ என்பதை அவ்வாறு விட்டுவிட முடியாது. முற்காலத்தில் இறைச்சி சேர்ந்தது. இன்று உலர்ந்த திராட்சையும் ஆப்பிளும் சிட்ரான் தோலும்தான் பெரும்பகுதி. இது பழந்தான் என்று கடைக்காரர் உறுதி கூறுவார். ஆனால் பழைய முறைப்படி செய்ததில் ‘சூயட்’ கலந்திருக்கும். அது மாடு அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பு. தாவர எண்ணெயில் செய்த சூயட்டும் விற்பனைக்கு உண்டு. புட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் பட்டியலில் அது எவ்வகை என்று பார்த்தே வாங்க வேண்டும்.